படகின் அடிப்புறத்துக்கு எந்தப் பூச்சு?

சாட்டிக் கரையில் எந்நேரமும் தண்ணீரிலேயே கட்டிவைக்கும் படகின் அடிப்புறத்துக்கு, வீட்டுக் கதவுக்குப் பூசும் எனாமல் உதவாது. பாசியும் சிப்பியும் பிடித்துப் படகு பாரமாகும். மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாகும். மரவள்ளமென்றால் புழுவும் துளைக்கும். செம்பு கலந்த, பாசி பிடிக்காத பூச்சையே கேட்டு வாங்குங்கள். வெள்ளீயச் சேர்வை கலந்த பழைய வகைக்கு 2008 முதல் சர்வதேசத் தடை உண்டு. மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூசியபின் எவ்வளவு நேரத்துக்குள் கடலில் இறக்குவது என்பதை ரின்னில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் கரையேற்றும் பைபர் படகுக்கு இந்தச் செலவு தேவையில்லை. கழுவிக் காயவிட்டாலே போதும். அந்தப் பணம் வலைக்கு உதவும்.

பழைய பூச்சின் தூள் நஞ்சு. மூக்கையும் வாயையும் மூடிக்கட்டி, நனைத்துத் தேயுங்கள். சாட்டியின் நன்னீர்க் கிணறுகளை நம்பி அயலூர்களும் இருக்கின்றன. அவற்றின் அருகே இந்த வேலை வேண்டாம். சுரண்டி விழுந்ததைச் சாக்கில் அள்ளிவிடுங்கள்.