புரதங்களின் உருவம் – 9: உப்போடு மல்லுக்கட்டு

சென்ற வாரம் புரதம் படிகமாக வளர்வதுவரை வந்து நின்றோம். வளர்ந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர்கள் அது வளர்ந்த கரைசலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வயலுக்கு உரமாகப் போடுகிறோமே அம்மோனியம் சல்பேட், புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளப் பல ஆய்வகங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு 2 மோல் என்பது சாதாரண அளவு. எடையில் கால் கிலோவுக்கு மேல்!

படிகம் என்றதும் வைரத்தை நினைக்காதீர்கள். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஊசி முனை பட்டாலே நொறுங்கிவிடும். படிகம் வளர்ந்த சொட்டின் மூடியைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் நீர் ஆவியாகி, மேலே உப்பு ஆடை கட்டிவிடும். பிறகு லூப் எனப்படும் நைலான் வளையத்தால் படிகத்தை அள்ளுவது பெரும்பாடு. சரி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆடையைக் கரைக்கலாமா? உப்பு நீர்த்தால் படிகம் விரிசல் விடும், கரைந்தும் போகும்.

இவ்வளவு நொய்ந்த பொருளை எக்ஸ் கதிரில் வைத்துப் படமெடுக்கும் முன் எதற்காக உறைய வைக்கிறார்கள்? அறை வெப்பத்தில் எக்ஸ் கதிர் படப்பட, படிகத்தின் ஒழுங்கு குலைந்துகொண்டே போகிறது. மைனஸ் 173 டிகிரியில் அந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பெருக்கும். படிகம் உள்ளிருந்தே சிதறும். எனவே நீரைப் பனிக்கட்டியாக விடாமல், கண்ணாடியாக இறுகச் செய்ய வேண்டும். அதற்குக் கிளிசரால் போன்ற ஒன்றைக் கலந்து, படிகத்தைச் சட்டென்று திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவார்கள்.

உப்பு குறுக்கே நிற்பது இந்த இடத்தில்தான். தண்ணீரின் இடத்தில் கிளிசராலோ ஆல்கஹாலோ வந்தால், உப்பு கரைந்திருக்க இடம் போதாது. செறிவான கரைசலாக இருந்தால் உப்பு தனியே படியும். அதைத் தவிர்க்க உப்பைக் குறைத்தால் படிகம் போச்சு. இரண்டு பக்கமும் அடி.

சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் ரைபோசோம் (செல்லில் புரதத்தைத் தயாரிக்கும் உறுப்பு) இதற்குப் பேர்போன உதாரணம். இஸ்ரேலின் அடா யோனத் வளர்த்த அந்தப் படிகங்களுக்கு உப்பு இல்லாமல் பிழைப்பில்லை. எக்ஸ் கதிரோ அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தது. 1980களின் நடுவில் ஹோக்கன் ஹோப்புடன் சேர்ந்து அவற்றைக் குளிரூட்டும் வழியைக் கண்டார். 2000-இல் அதே உயிரியின் ரைபோசோமின் பெரிய துண்டை 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது யேலில் இருந்த ஸ்டைட்ஸின் குழு. 2009-இல் இருவருக்கும் நோபல் பரிசு. உடன் பெற்றவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் பிடித்தது வேறு ரைபோசோம், வெந்நீர் ஊற்றில் வாழும் உயிரியினுடையது.

எல்லோருக்கும் அத்தனை பாடு தேவையில்லை. படிகம் வளர்ந்த கரைசலிலேயே சர்க்கரையை நேரடியாகக் கரைக்கலாம். தனியாக நீர் சேராது. எண்ணெயில் புரட்டி, வெளியே ஒட்டியிருக்கும் கரைசலை நீக்கிவிட்டும் உறைய வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது சோடியம் மலோனேட். 2001-இல் அலெக்சாண்டர் மெக்பெர்சன் பல உப்புகளை ஒப்பிட்டதில், புரதத்தைப் படிகமாக்க அதுவே முன்னால் நின்றது. 2003-இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு நன்மையைக் காட்டியது. வேறு உப்பில் வளர்ந்த படிகத்தையும் செறிவான மலோனேட்டுக்கு மாற்றி, அப்படியே உறைய வைக்கலாம். உப்பே பாதுகாப்பு, கிளிசரால் வேண்டாம். அம்மோனியம் சல்பேட்டில் படிகம் கிடைத்தவர்கள் கிளிசரால் புட்டியைத் திறப்பதற்கு முன் மலோனேட்டை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

உறைந்தது கண்ணாடியா, பனிக்கட்டியா என்று எக்ஸ் கதிர்ப் படமே சொல்லிவிடும். 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் தெரியும் பனிக்கட்டி வளையங்களை அடுத்த வாரம் படித்துப் பார்ப்போம்.