புக்மார்க் அனுப்பப் போய்...

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பாளையங்கோட்டையில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம் நடத்தும் சாதாரண இல்லத்தரசி. வாராவாரம் இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதும் அனுபவங்களைப் படித்துப் பயன் அடைந்திருக்கிறேன். என் அனுபவமும் யாருக்காவது உதவட்டுமே என்று, கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

என் அம்மாவிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருந்தது. பத்திரிகைகளில் வரும் சமையல் குறிப்பு, கை வைத்தியம், கோலம் எல்லாவற்றையும் கத்தரித்து, சோற்றுப் பருக்கை தேய்த்து அதில் ஒட்டி வைப்பார். தெருவில் யாருக்கு என்ன குறிப்பு வேண்டுமென்றாலும் அந்த நோட்டுதான் வீடு வீடாகப் போகும்.

எனக்கு அந்த நோட்டு, செல்போனில் இருக்கும் புக்மார்க்தான். தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உபயோகமாக இருந்தால், குரோமில் மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொடுங்கள். ஒரு நட்சத்திரம் தெரியும். அதை அமுக்கினால் அந்தப் பக்கத்தின் முகவரி நம் பட்டியலில் சேர்ந்துவிடும். புத்தகத்தில் அடையாளத்துக்கு மயிலிறகு வைப்போமே, அது மாதிரி. அடுத்த முறை தேட வேண்டியதில்லை. நேராக அந்த இடத்துக்கே போகலாம்.

மகள் சொல்லிக் கொடுத்த பிறகு நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன். கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆதார், பட்டா சிட்டா, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பாடப்புத்தகம், மத்தியானம் படிப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் என்று முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

கோவில்பட்டியில் இருக்கும் என் மதினிக்கு (கணவரின் அக்கா) போன வருடம் ஒரு சோதனை வந்தது. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று, புகார் சொல்ல போனில் நம்பர் தேடியிருக்கிறார். முதலில் வந்த நம்பருக்குப் பேசினார். அசல் கம்பெனிக்காரன் மாதிரியே பேசிய ஒருவன், "ஒரு ஆப் அனுப்புறேன், போட்டுக்கோங்கம்மா" என்றிருக்கிறான். போட்ட கால் மணி நேரத்தில் பேங்கில் இருந்து 12,400 ரூபாய் போய்விட்டது. மகனின் காலேஜ் பீஸுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அன்றே 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தார்கள். பணம் இன்னும் வந்தபாடில்லை.

அதிலிருந்து மதினிக்குப் போனைத் தொடவே பயம். ஒரு நாள் என்னிடம், "ஏட்டி, நீ எல்லாத்தையும் போன்லயேதான கட்டுத? நீ போற இடத்தையெல்லாம் எனக்கும் அனுப்பி வையி. இனிமே நான் எதையும் தேட மாட்டேன்" என்றார். கேட்கவே பாவமாக இருந்தது.

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து ஷேர் கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். முப்பதையும் அப்படி அனுப்ப யாருக்குப் பொறுமை? "கம்ப்யூட்டர்ல இருந்து மொத்தமா எடுத்துரலாம்மா" என்றாள் மகள். கொழுந்தனார் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில் என் கணக்கைப் போட்டாள். போனில் இருந்த புக்மார்க் எல்லாம் அதிலும் வந்து நின்றது. புக்மார்க் மேனேஜருக்குப் போய், 'எக்ஸ்போர்ட்' என்பதை அமுக்கினாள். எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைல் ஆனது. அதை மதினிக்கு அனுப்பிவிட்டுப் பெருமையோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மதினி பேசினார். "எல்லாம் வந்துட்டு, நல்லாருக்கு" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஏட்டி, கடைசியில நாலு இருக்கே, அது யாருக்கு?" என்று கேட்டார்.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அந்த நாலும் மார்பில் வரும் கட்டியைப் பற்றிய பக்கங்கள். மூன்று மாதமாக எனக்கு இடது மார்பில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. வலி கிடையாது. கணவரிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்லவில்லை. மகளுக்குப் பரீட்சை, கணவருக்குக் கடையில் சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது, இதில் என் கட்டி வேறா என்று நினைத்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்து அந்தப் பக்கங்களைப் படிப்பேன். நாளைக்கும் படிக்க வேண்டுமே என்று குறித்து வைப்பேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அதைத்தான் என் கையாலேயே ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்!

"பக்கத்து வீட்டுக்காரிக்காகப் பார்த்தேன் மதினி" என்று சமாளித்தேன். "சரி" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் மதினி நிற்கிறார்! என் மாமியாரிடம், "இவளைக் கூட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிட்டு வாறேன்மா" என்று சொல்லிவிட்டு, என்னை நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பெண் டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத்தில் சொல்ல முடியாது. மதினி தினமும் ராத்திரி போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

கடவுள் புண்ணியத்தில் அது புற்றுநோய்க் கட்டி இல்லை. ஃபைப்ரோ அடினோமா என்றார்கள். இளவயதுப் பெண்களுக்குச் சாதாரணமாக வரக்கூடியதாம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். "பெரும்பாலான கட்டி ஆபத்து இல்லாததுதான். ஆனா அதை நாங்க பார்த்துச் சொல்லணும்மா, நீங்களே முடிவு பண்ணக் கூடாது" என்று டாக்டர் கண்டித்தார். அன்று ராத்திரியே கணவரிடமும் சொல்லிவிட்டேன். "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்தது. ஒருமுறை அதற்குள் ஒரு அடகுச் சீட்டு இருந்ததைக் கவனிக்காமல் அடுத்த வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டார் அம்மா. எனக்குப் புத்தகமும் யூனிபாரமும் வாங்கச் செயினை அடகு வைத்த சீட்டு அது. அத்தை ஒன்றும் கேட்காமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்த மாதச் சீட்டுப் பணத்தைத் தான் எடுக்காமல் அம்மாவை எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த அத்தை மாதிரிதான் என் மதினியும்.

எல்லோருக்கும் அப்படி ஒரு மதினி கிடைக்க மாட்டார். அந்த ஃபைல் வேறு யார் கைக்காவது போயிருந்தால், என் விஷயம் ஊர்ப் பேச்சாகியிருக்கும். அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்:

* மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை 'வீட்டுக்கு' என்று தனி ஃபோல்டரில் வையுங்கள். எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஃபோல்டர் பார்க்காமல் மொத்தமும் போகும். அனுப்பும் முன் அந்த ஃபைலைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள்.

* புக்மார்க்கில் பாஸ்வேர்டு போகாது. ஆனால் குடும்ப போட்டோ ஆல்பத்தின் லிங்க் இருந்தால், அது யார் கையில் கிடைத்தாலும் படம் தெரிந்துவிடலாம். அதை எடுத்துவிடுங்கள்.

* போலிப் பக்கத்தைக் குறித்து வைத்து நாலு பேருக்கு அனுப்பினால் நாலு வீட்டுக்கும் நஷ்டம். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். எல்லாமே அப்படி இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. 'கோ டாட் இன்' என்று முடியும். சந்தேகம் இருந்தால் பில்லிலோ, புத்தகத்திலோ அச்சடித்திருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

* பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

* 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். உடம்பில் ஒரு மாற்றம் தெரிந்தால், குறித்து வைத்து ராத்திரியில் படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

மதினி இப்போது கரண்ட் பில்லைத் தானே கட்டுகிறார். சென்ற மாதம் அவர் எனக்கு ஒரு புக்மார்க் அனுப்பினார். திறந்து பார்த்தேன், பூண்டு ஊறுகாய் செய்முறை! கூடவே, "ஆறு மாசம் ஆகப் போகுது, ஞாபகம் இருக்கா?" என்று ஒரு வரி. அடுத்த வாரம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.