வேதத்துக்கு வாக்கெடுப்பு

2023 ஜூன் மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மாநாட்டு அரங்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாப்டிஸ்டுகள் கையில் வாக்குச்சீட்டோடு கூடியிருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சபையை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்பதுதான் கேள்வி. சேடில்பேக் ஏதோ மூலையில் கிடக்கும் சபை அல்ல. ‘பர்ப்பஸ் டிரிவன் லைஃப்’ எழுதிய ரிக் வாரன் 1980-ல் தொடங்கி, அமெரிக்காவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்த்தது. 2021-ல் அது மூன்று பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்தது. அதுதான் குற்றம். ஓய்வுபெற்றுவிட்ட வாரனே வந்து மைக்கின் முன் நின்று வாதாடினார். நீக்கலாம் என்று 9,437 வாக்குகள். வேண்டாம் என்று 1,212.

ரிக் வாரன் லிபரல் அல்ல. வேதாகமம் தேவனுடைய வார்த்தை, பிழையற்றது என்பதில் அவருக்கும் அவரை எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் இம்மியளவும் வேறுபாடு கிடையாது. பெண்கள் விஷயத்தில் தன் மனம் மாறியதற்கும் அவர் வேதத்தையேதான் காட்டினார்: உயிர்த்தெழுந்த இயேசு முதல் செய்தியை மகதலேனா மரியாளிடம்தான் சொல்லியனுப்பினார், பெந்தெகொஸ்தே நாளில் ஆவி பெண்கள் மேலும் இறங்கியது, சீஷராக்குங்கள் என்ற கட்டளை ஆண்களுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. எதிர்த்தரப்பு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தைத் திறந்து வைத்துக்கொண்டது. ஒரே புத்தகம், அதன் மேல் ஒரே பக்தி, இரண்டு முடிவுகள். எது வேதத்தின் முடிவு என்பதை வாக்குச்சீட்டு தீர்த்துவைத்தது.

சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்னும் இந்த அமைப்பு அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் கூட்டமைப்பு. பெங்களூரு ஹெப்பாலில் உள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனையை 1973-ல் தொடங்கியவர்கள் இவர்களுடைய மிஷனரிகள்தான் என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. போப் கிடையாது, பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா. சபைகள் சேர்ந்து காணிக்கை போட்டு செமினரிகளையும் மிஷன் போர்டுகளையும் நடத்துகின்றன, வருடத்துக்கு ஒருமுறை கூடுகின்றன, அவ்வளவுதான். வேதத்துக்கு மேலே எந்த அதிகாரமும் இல்லை என்று இவர்கள் சொன்னால் அதை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வேதத்தைக் கையில் எடுத்துப் படிப்பது யார் என்பதில்தான் கதை இருக்கிறது.

1961-ல் ரால்ஃப் எலியட் என்ற செமினரி பேராசிரியர் ஆதியாகமத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதல் பதினொரு அதிகாரங்களை நேரடி வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் வாதம். புத்தகத்தை வெளியிட்டது கன்வென்ஷனின் சொந்தப் பதிப்பகம். கிராமத்துச் சபைகள் கொதித்தன. மறுபதிப்பு கொண்டுவரமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க எலியட் மறுத்தார். 1962-ல் வேலை போனது. இதில் பழமைவாதிகளின் கோபத்தை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. பருத்திக்காட்டில் உழைத்தவன் தட்டில் போட்ட காணிக்கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவன் நம்பாததை அவன் பிள்ளைக்குக் கற்பிக்கலாமா என்ற கேள்விக்கு, பேராசிரியர்களிடம் நேரான பதில் இருந்ததில்லை. கல்விச் சுதந்திரம் என்றார்கள். அவனுக்கு அது பதிலாகப்படவில்லை.

1967-ல் அதே நியூ ஆர்லியன்ஸில், கஃபே டு மோண்ட் என்ற புகழ்பெற்ற காபிக் கடையில், பேஜ் பேட்டர்சன் என்ற இறையியல் மாணவரும் பால் பிரெஸ்லர் என்ற ஹூஸ்டன் வழக்கறிஞரும் உட்கார்ந்து பேசினார்கள். பிரெஸ்லர் பின்னாளில் நீதிபதியானவர். விதிமுறைப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர். கன்வென்ஷன் தலைவருக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் தலைவர் ஒரு குழுவை நியமிக்கிறார். அந்தக் குழு இன்னொரு குழுவின் பெயர்களை முன்மொழிகிறது. அந்த இரண்டாவது குழு செமினரிகளுக்கும் மிஷன் போர்டுகளுக்கும் அறங்காவலர்களை முன்மொழிகிறது. தொடர்ந்து பத்து வருடம் நம் ஆளே தலைவராக இருந்தால் எல்லா நிறுவனமும் நம் கைக்கு வந்துவிடும். வேதத்தின் அதிகாரத்தை மீட்கும் வழி இந்த விதிகளுக்குள்தான் இருந்தது.

1979-ல் ஹூஸ்டன் மாநாட்டில் மெம்ஃபிஸ் நகரத்துப் போதகர் ஏட்ரியன் ராஜர்ஸ் முதல் சுற்றிலேயே 51 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கித் தலைவரானார். அதன்பின் அந்தப் பதவியைப் பழமைவாதிகள் விடவில்லை. இரு தரப்பும் ஆள் திரட்டின. பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். 1985-ல் டாலஸ் மாநாட்டுக்கு வந்தவர்கள் 45,000க்கும் மேல். தேர்தல் நேரத்தில் நம் ஊர்க் கட்சிகள் லாரியில் ஆள் கொண்டுவருவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அந்த டாலஸ் மாநாட்டைப் பற்றிப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். 1994-ல் அறங்காவலர்கள் சவுத்வெஸ்டர்ன் செமினரியின் தலைவர் ரஸ்ஸல் டில்டேயைப் பதவி நீக்கினார்கள். அன்றே அவர் அலுவலக அறையின் பூட்டு மாற்றப்பட்டது. மிதவாதிகள் அதற்கு முன்பே, 1991-ல், வெளியேறித் தனியாக ஒரு கூட்டுறவு அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் போருக்குக் கொள்கை ஆயுதம் சிக்காகோவில் தயாரானது. 1978 அக்டோபரில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் கூடிய சுவிசேஷத் தலைவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் வேதாகமத்தின் பிழையின்மை பற்றிய அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆர்.சி. ஸ்ப்ரவுல், ஜே.ஐ. பாக்கர், ஃபிரான்சிஸ் ஷேஃபர் எல்லாம் அதில் உண்டு. பத்தொன்பது பிரிவுகள், ஒவ்வொன்றிலும் இதை ஏற்கிறோம், இதை மறுக்கிறோம் என்று இரண்டு வாக்கியம். கவனமாக எழுதப்பட்ட ஆவணம். பிழையின்மை மூலக் கையெழுத்துப் பிரதிகளுக்கே உரியது என்கிறது. அந்த மூலப் பிரதிகளில் ஒன்றுகூட இன்று கிடையாது என்று எதிராளிகள் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய ஓட்டையாகத் தெரியவில்லை. இருக்கிற பிரதிகளைக் கொண்டே மூலத்தை ஏறக்குறைய முழுமையாக மீட்டுவிட முடியும் என்பது நியாயமான பதில்தான். என் சந்தேகம் வேறு இடத்தில். பத்திரம் அசல் என்று நிரூபித்துவிட்டால் வரப்புத் தகராறு தீர்ந்துவிடாது. பிழையில்லாத வசனத்தைப் பிழையோடு படிக்க மனிதனால் முடியும். அதைத் தடுக்க எந்த அறிக்கையாலும் முடியாது.

கன்வென்ஷனின் பிறப்பே இதற்குச் சாட்சி. 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அது தனியாகப் பிரிந்தது எதற்காக? அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாம் என்பதற்காக. வேதம் தெரியாத முரடர்கள் அல்ல அவர்கள். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள். மோசேயின் சட்டம் அடிமைமுறைக்கு ஒழுங்கு விதித்தது. பவுல் ஒநேசிமு என்ற அடிமையை எஜமானிடமே திருப்பி அனுப்பினார். வசனத்தை எண்ணிப் பார்த்தால் அடிமைமுறைக்காரர்கள் பக்கமே அதிகம். எதிர்த்தவர்கள் வேதத்தின் ஒட்டுமொத்தப் போக்கைக் காட்டி வாதாட வேண்டியிருந்தது. வசனத்தை விட்டு ஓடுகிறார்கள் என்ற பழியும் அவர்களுக்கே வந்தது. 1859-ல் தொடங்கிய சதர்ன் செமினரி, தன் நான்கு நிறுவனர்களும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார்கள் என்று 2018-ல் தானே அறிக்கை வெளியிட்டது. கன்வென்ஷன் 1995-ல் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நடுவில் கழிந்த 150 வருடத்தில் வேதாகமத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பிழையின்மையில் உறுதியாக நின்ற கூட்டம்தான் அந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றியது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

எந்த வசனத்துக்காகப் போராடுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. விவாகரத்து பற்றி இயேசு வாய்திறந்து சொன்னது நான்கு சுவிசேஷங்களில் மூன்றில் இருக்கிறது. அதை மீறினால் சபையை நீக்கு என்று யாரும் அரங்கு நிரப்பியதாகத் தெரியவில்லை. 1980-ல் வெள்ளையின சுவிசேஷ வாக்காளர்கள் பெருவாரியாக ஆதரித்த ரொனால்ட் ரீகன் விவாகரத்துச் செய்து மறுமணம் செய்தவர். அவரிடம் தோற்ற ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்.

கார்ட்டர் 2000-ல் கன்வென்ஷனோடு உறவை முறித்துக்கொண்டார். அந்த வருடம் விசுவாச அறிக்கை திருத்தப்பட்டிருந்தது. 1963 அறிக்கையில், வேதத்துக்குப் பொருள் காண அளவுகோல் இயேசு கிறிஸ்துவே என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். வேதம் முழுவதும் கிறிஸ்துவுக்குச் சாட்சி என்பது போன்ற வாக்கியம் அந்த இடத்துக்கு வந்தது. எடுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம்: இயேசுவின் பெயரால் பவுலை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அதே திருத்தத்தில், போதகர் பதவி ஆண்களுக்கே உரியது என்ற வரியும் ஏறியது. ஒரு வரி வெளியே போனதும் இன்னொரு வரி உள்ளே வந்ததும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. 1963 அறிக்கை நடைமுறையில் இருந்தபோதே, அடுத்த வருடம், வட கரோலினாவின் டர்ஹாம் நகரத்து சபை ஒன்று ஆடி டேவிஸ் என்ற பெண்ணை அபிஷேகம் செய்தது. கன்வென்ஷன் அந்தச் சபையை நீக்கிவிடவில்லை.

இந்த இடத்தில் லாட்டி மூனை நினைக்காமல் இருக்க முடியாது. 1873-ல் சீனாவுக்குப் போய், 1912 வரை அங்கே உழைத்த மிஷனரி. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்ல அனுப்பப்பட்டவர். உள்நாட்டுக் கிராமங்களில் ஆண்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அவர் எழுந்து போகச் சொல்லவில்லை. மிஷன் கூட்டங்களில் பெண்களுக்குச் சம வாக்கு வேண்டும் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். இன்று சதர்ன் பாப்டிஸ்ட் சபைகள் உலக மிஷனுக்காக கிறிஸ்துமஸ் காலத்தில் எடுக்கும் காணிக்கை அவர் பெயரில்தான். வருடத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர். ஒரு சபைகூட அதைக் கூச்சத்தோடு எடுப்பதாகத் தெரியவில்லை.

சபைகளின் சுயாட்சிதான் இத்தனை காலம் இந்த முரண்களை மூடிவைத்தது. அந்தச் சுயாட்சி எப்போது மதிக்கப்படுகிறது, எப்போது மறக்கப்படுகிறது என்று பார்த்தால் வேறு ஒரு கதை தெரியும். பாலியல் குற்றம் செய்த போதகர்கள் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு நகர்ந்துவிடுகிறார்கள், ஒரு பட்டியலாவது வையுங்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது, நாங்கள் தலையிட முடியாது என்று 2008-ல் பதில் வந்தது. 2019-ல் ‘ஹூஸ்டன் க்ரானிக்கிள்’, ‘சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ்’ இரண்டும் சேர்ந்து, இருபது வருடத்தில் சுமார் 380 சபைத் தலைவர்களும் ஊழியர்களும் குற்றம் சாட்டப்பட்டதையும் 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதையும் எழுதின. 2021 மாநாட்டில் பிரதிநிதிகள் சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று வாக்களித்தார்கள். இங்கேயும் வாக்குச்சீட்டுதான், இந்த முறை பெரியவர்களுக்கு எதிராக. 2022 மே மாதம் வந்த அறிக்கை ஒரு செய்தியை வெளியிட்டது: பட்டியல் ஏற்கெனவே இருந்தது. நிர்வாகக் குழு அலுவலகத்தில் ஓர் ஊழியர் வருடக்கணக்காக 703 பெயர்களைக் குறித்து வைத்திருந்தார். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை.

காபிக் கடையில் பேசிய இருவரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்ட பெண்களைக் கையாண்ட விதம் சம்பந்தமாக எழுந்த புகார்களுக்கு நடுவே பேட்டர்சன் 2018-ல் சவுத்வெஸ்டர்ன் செமினரி தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிரெஸ்லர் மீது பாலியல் வன்முறை வழக்கு 2017-ல் தொடரப்பட்டது. அவர் மறுத்தார், வழக்கு 2023 கடைசியில் சமரசத்தில் முடிந்தது, 2024-ல் இறந்துபோனார். வேத அதிகாரம் என்ற கருத்து இதனால் பொய்யாகிவிடாது. அதன் காவலர்கள் என்று தங்களை அறிவித்துக்கொண்டவர்களை யார் கண்காணித்தார்கள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

இப்போது பாலியல் குற்ற விஷயத்தில் சபைகளை நீக்கவும் விதி இருக்கிறது. சில நீக்கப்பட்டும் இருக்கின்றன. பெண் போதகர் விஷயத்தில் வேகம் வேறு. வர்ஜீனியாவின் மைக் லா என்ற போதகர், சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளில் போதகர் பட்டத்தோடு பணிபுரியும் 170 பெண்களின் பட்டியலைத் திரட்டி வெளியிட்டார். எந்த வகைப் போதகர் பதவியிலும் பெண்ணை வைக்கும் சபையை நீக்க வேண்டும் என்ற அமைப்புச் சட்டத் திருத்தத்தையும் அவரே கொண்டுவந்தார். 2023-ல் அது நிறைவேறியது; அடுத்த வருடம் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; கிடைத்தது 61 சதவீதம். குற்றவாளிகள் பட்டியல் என்னவானது? 2022 மாநாட்டில் வாக்களித்துக் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில், அது இப்போதைக்கு முன்னுரிமை அல்ல என்று நிர்வாகக் குழுத் தலைமை சொல்லிவிட்டது. நான்கு மாதம் கழித்து டாலஸில் பெண்களைப் பற்றிய திருத்தம் மறுபடியும் வாக்கெடுப்புக்கு வந்தது. 60 சதவீதத்தைத் தாண்டியது, மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை.