இரத்தத்திலே ஒரு வேஷதாரி

ஒரு முறை அம்மை வார்த்தவருக்கு மறுமுறை வார்ப்பது அபூர்வம். மலேரியா ஜுரமோ அப்படியன்று. கண்டவரையே மீண்டும் மீண்டும் காண்கிறது. நம் தேகம் பலவீனமானது என்று இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. கிருமியின் தந்திரமே காரணம்.

1897-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் இக்கிருமியைக் கண்டார். மனித உடலுக்குள் அது நடத்தும் நாடகம் விளங்குவதற்கோ மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

கொசு கடித்ததும் கிருமிகள் உமிழ்நீரோடு உட்புகுந்து, விரைவில் கல்லீரலை அடைகின்றன. அங்கே சுமார் ஒரு வாரம் ஓசையின்றிப் பல்லாயிரமாகப் பெருகி, பின்னர் இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் நுழைகின்றன. மற்ற அணுக்களில் பகைவன் புகுந்தால், அவை வெளியே அடையாளம் காட்டிக் காவல் அணுக்களை அழைக்கும். உட்கருவற்ற சிவப்பு அணுவுக்கு அந்தச் சக்தி இல்லை.

ஆயினும், பழுதுபட்ட அணுக்களை அரித்தெடுக்கும் மண்ணீரல் என்னும் சல்லடை ஒன்று இருக்கிறதே! 'பால்ஸிபாரம்' என்ற கொடிய வகைக் கிருமி அதற்கும் உபாயம் வைத்திருக்கிறது. தான் குடியிருக்கும் அணுவின்மேல் பசை போன்ற ஒரு புரதத்தை நீட்டி, இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மூளையின் குழாய்களில் இவ்வாறு அடைப்பு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வெளியே நீட்டிய புரதத்தை உடல் அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. ஆனால் கிருமியிடம் அத்தகைய வேஷங்கள் சுமார் 60 உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றையே தரிக்கும். ஒரு வேஷம் அகப்படுவதற்குள் சில கிருமிகள் வேறொன்றைப் புனைந்து தப்பிவிடுகின்றன. இந்த இரகசியத்தின் மூலம் 1995-இல் வெளிப்பட்டது.

பலமுறை ஜுரம் கண்டு பிழைத்தவரின் உடல் பல வேஷங்களையும் மெல்லப் பழகிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு அதற்கு அவகாசம் ஏது? 2023-இல் மலேரியாவால் மாண்ட சுமார் 6 லட்சம் பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிசுக்களும் சிறு குழந்தைகளுமே.

ஆகவே, கிருமி கல்லீரலை எட்டுமுன்பே தடுக்கும் தடுப்பூசிகளை விஞ்ஞானிகள் கண்டனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் ஒன்றையும் 2023-இல் மற்றொன்றையும் சிபாரிசு செய்தது. ஆக்ஸ்போர்டில் உருவான இரண்டாவதைப் பெருமளவில் தயாரிப்பது நமது புனா நகரம் என்பது பாரத மக்கள் பெருமை கொள்ளத்தக்கது.

இவையும் பூரணக் கவசமல்ல. கொசுவலையையும் தண்ணீர் தேங்காத முற்றத்தையும் கைவிடலாகாது. அறுபது வேஷம் கற்ற கிருமிக்கும், கொசுவின் துணையின்றி வீடு வீடாகச் செல்லத் தெரியாது!