குடல்வாயும் அதன் ஒலியும்

இலக்கண வகுப்பில் இடக்கரடக்கலைப் பயிற்றுவது எளிது. நன்னூலார் அதனைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். அவையில் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுவது என்று விளக்கி, ‘கால் கழுவி வந்தேன்’ என்னும் எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதினால் மாணவர் புன்னகையோடு புரிந்துகொள்வர். சொல்லை இவ்வாறு மறைத்துவிடலாம். ஆனால், அமைதியான வகுப்பறையில் ஒருவருடைய வயிற்றிலிருந்து அவரைக் கேளாமலே எழும் ஒலியை எந்தச் சொல்லால் மறைப்பது? அந்த ஒலியோடு வாழ்வோர் நம் பள்ளிகளிலும் இருக்கின்றனர். ஆசிரியராகவும் இருக்கின்றனர், மாணவராகவும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியும் அவ்வொலியைப் பற்றியும் இவ்வுரையில் சற்று வெளிப்படையாகவே பேச விழைகின்றோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். புற்றுநோய், குடல் அழற்சி, விபத்து, பிறவிக் குறை போன்ற காரணங்களால் மலம் இயல்பான வழியில் வெளியேற இயலாதபோது, அறுவை மருத்துவர் குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேற்பரப்புக்குக் கொணர்ந்து அங்கே ஒரு திறப்பை அமைக்கின்றார். மருத்துவ உலகம் இதனை ஸ்டோமா என்கிறது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு வாய் என்பதே பொருள். ஆகவே குடல்வாய் என்று நாம் வழங்கினால் மூலப்பொருளும் கெடாது, கேட்போர்க்கும் விளங்கும். நம் மக்கள் பேச்சில் இது பெரும்பாலும் ‘பை வைத்திருக்கிறார்’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. பை வெளியே ஒட்டப்படுவது. வாய் உடம்பின் உறுப்பு. ஒலி எழுவது வாயிலிருந்து என்பதால் இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்மருத்துவம் புதியதன்று. 1793இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரில் துயுரே என்னும் மருத்துவர், மலவாயின்றிப் பிறந்த சில நாள் குழந்தைக்குப் பெருங்குடலில் வாய் அமைத்தார். அக்குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்ததாக மருத்துவ வரலாறு குறிக்கிறது. சிறுகுடல் வாயின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை இங்கிலாந்தின் பிரையன் புரூக் 1952இல் வெளியிட்டார். ஆயினும் வீட்டைவிட்டு வெளியே வரும் துணிவை நோயாளிக்குத் தந்தது அறுவைக் கத்தியன்று. டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்னும் தாதியின் தங்கைக்குக் குடல்வாய் அமைக்கப்பட்டது. கசிவுக்கும் நாற்றத்துக்கும் அஞ்சி அத்தங்கை பொது இடங்களுக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டார். அதைக் கண்டு பொறாத தமக்கை 1954இல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பையைச் சிந்தித்து வடித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ஒட்டுப்பைகளின் மூதாதை அதுவே. கசிவும் நாற்றமும் பெரிதும் அடங்கின. ஒலி மட்டும் அடங்கவில்லை. அதற்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது.

நம் மலவாயைச் சுற்றிச் சுருக்குத் தசைகள் உள்ளன. அவற்றுள் வெளித்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. கூட்டத்தின் நடுவே காற்றை அடக்கிக்கொண்டு தனியிடம் சேர்ந்தபின் விடுவது அத்தசையின் உதவியால்தான். குடல்வாயில் அத்தகைய தசை இல்லை. காற்று வந்து சேர்ந்த கணத்திலேயே வெளியேறும். ஈரமான, மென்மையான, குறுகிய விளிம்பின் வழியே காற்று விரையும்போது விளிம்பு அதிர்கிறது, அதிர்வு ஒலியாகிறது. நாகசுரத்தின் சீவாளி அதிர்ந்து நாதம் எழுவதும் இதே இயற்பியல்தான். வித்துவானின் உதடு சீவாளியை ஆள்கிறது. குடல்வாய்க்கு அவ்வாறு ஆள்வோர் இல்லை. சித்த மருத்துவ நூல்கள் அடக்கக்கூடாதவை என வகுத்த பதினான்கு வேகங்களுள் அபான வாயுவும் ஒன்று. நாமெல்லாம் அவ்விதியை நாகரிகம் கருதி நாள்தோறும் மீறுகின்றோம். மீறும் வசதி குடல்வாய் உள்ளவருக்கு இல்லை, அவ்வளவே. இதை உணர்ந்தவர் அவ்வொலியை ஒழுக்கக் குறைவாகக் கருதமாட்டார்.

இனி, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நலமுள்ள ஒருவர் உடலிலிருந்தே நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை காற்று வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி நாம் விழுங்கும் காற்று. மற்றொரு பகுதி, செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவுப்பொருள்களை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதால் பிறப்பது. பெருங்குடல் வாய் உடையவர் இவ்விரண்டையும் கருத வேண்டும். சிறுகுடல் வாய் உடையவர்க்கு நுண்ணுயிரிகளின் பங்கு குறைவு. விழுங்கிய காற்றே முதன்மை. ஆகவே எல்லாருக்கும் ஒரே பத்தியத்தைச் சொல்வது பொருந்தாது. அண்டை வீட்டார் சொன்னார் என்று முட்டைக்கோசையும் பயற்றையும் ஒருசேர விலக்கிவிட்டு, உணவின் நடுவே விரைந்து பேசிக்கொண்டும் மெல்லாமல் விழுங்கிக்கொண்டும் இருப்பதால் பயன் விளையாது.

நம் நாட்டுப் பழக்கங்களையே எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தில் கட்டித் தரும் குளிர்பானத்தை உறிஞ்சுகுழலால் பருகும்போது பானத்தோடு காற்றும் உட்செல்கிறது. வாயுவேற்றிய பானமாயின் சொல்லவே வேண்டா. உயரத் தூக்கி ஆற்றிய தே தாரிக்கின் நுரை கண்ணுக்கு இனியது, அந்நுரையும் காற்றுதான். அதிலுள்ள பாலோ, வளர்ந்தபின் பால்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிட்ட ஆசிய மக்கள் பலருக்கு மேலும் வாயுவை உண்டாக்கும். மெல்லும் கோந்தும் புகைபிடித்தலும் காற்றை விழுங்கச் செய்பவை. சர்க்கரையற்றவை என்று விற்கப்படும் மிட்டாய்களில் இடப்படும் சார்பிட்டால் குடலில் நொதித்து வாயுவாகும். பெட்டாய், வெங்காயம், பூண்டு, முட்டை ஆகியவை ஒலியைவிட நாற்றத்துக்கே மிகுதியாகக் காரணமாவன. பருப்பு, பயறு வகைகளை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் நொதிக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கும். பருப்பில் பெருங்காயமும் சீரகமும் சேர்க்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் இதே கவலையிலிருந்து பிறந்தது. எந்த உணவையும் முற்றாக ஒதுக்கும் முன், அதனைச் சிறிதளவு உண்டு, என்ன நேர்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது நல்லது.

அக்குறிப்பேட்டால் மற்றொரு பயனும் உண்டு. வாயுவை உண்டாக்கும் உணவை உண்ட பின்னர், சிறுகுடல் வாய் உடையவர்க்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரத்திலும், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் வாய் அமைந்தவர்க்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரத்திலும் அது காற்றாக வெளிப்படும் என்பது தாதியர் சொல்லும் பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும். காலை பத்து மணிக்குத் தேர்வு மேற்பார்வை இருக்கிறதென்றால், பெருங்குடல் வாய் உடைய ஆசிரியர் கவனிக்க வேண்டியது முந்தைய இரவு நேரங்கழித்து உண்டதை. காலைச் சிற்றுண்டியின் விளைவு பிற்பகலில்தான் தெரியும். இக்கணக்கை அறியாமல் பலர் தவறான உணவின்மேல் பழி சுமத்துகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலிக்கு அஞ்சி உண்ணாமல் இருப்பதே பலர் முதலில் நாடும் வழி. எமக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர், அறுவைக்குப்பின் பள்ளிக்குத் திரும்பிய முதல் மாதத்தில், திங்கட்கிழமைச் சபைகூடலுக்கு அஞ்சி ஞாயிறு இரவும் திங்கள் காலையும் பட்டினி கிடந்தார். வெறுங்குடல் அமைதியாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நடந்ததோ நேர்மாறு. உணவில்லாத குடலில் காற்றும் நீரும் உருண்டு முன்னிலும் மிகுதியாக ஒலித்தன, தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது. சிறுகுடல் வாய் உடையவர் உணவோடு நீரையும் குறைத்தால் உடலின் நீரும் உப்பும் விரைவில் வற்றிச் சிறுநீரகத்துக்கே கேடு விளையும். சிறிது சிறிதாக, நேரந்தவறாமல், நன்கு மென்று உண்பதே ஒலியைக் குறைக்கும் வழி. அவ்வாசிரியைக்கு இதை எடுத்துச் சொன்னவர் குடல்வாய்ப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒரு தாதி. அத்தகைய தாதியைத் தேடிக் கேட்பது எவர்க்கும் முதற்கடமை.

ஒலி எழும் தறுவாயில் செய்யக்கூடியதும் உண்டு. குடல்வாயைத் தொட்டால் வலிப்பதில்லை. ஆனால் காற்று நெருங்குவதை உள்ளே எழும் உருளலால் பலரும் சில நொடிகள் முன்னரே அறிந்துகொள்கின்றனர். அப்போது முன்கையாலோ உள்ளங்கையாலோ ஆடையின் மேலாகக் குடல்வாயின்மீது மெல்ல அழுத்தினால் விளிம்பின் அதிர்வு குறைந்து ஒலி மழுங்கும். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது ஆசிரியர்க்கு இயல்பான நிலைதானே! வருகைப் பதிவேட்டையோ பாடநூலையோ வயிற்றோடு அணைத்துப் பிடிப்பதும் அதே பயனைத் தரும். சேலையின் மடிப்பும் தளர்ந்த பாஜு கூரோங்கும் ஒலியைச் சற்று உள்வாங்கும். பைக்கு மென்துணியில் உறை தைத்துக்கொண்டால் ஞெகிழியின் சரசரப்பும் அடங்கும். குடல்வாயை நெருக்கும் இறுக்கமான இடுப்புப்பட்டையைத் தவிர்க்க வேண்டும்.

பைகளில் பொருத்தப்படும் கரி வடிகட்டியைப் பற்றித் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அது நாற்றத்தை உறிஞ்சிக் காற்றை மெல்ல வெளிவிடும். பை பந்துபோல் உப்பாமல் காக்கும். காற்று குடல்வாயைக் கடக்கும்போதே ஒலி பிறந்துவிடுவதால், அதன் பின்னர் இருக்கும் வடிகட்டி அதனைத் தடுக்க இயலாது. ஒலி நிற்கும் என்று நம்பி விலையுயர்ந்த பைகளை மாற்றி மாற்றி வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம். வடிகட்டி நனைந்தால் செயலிழக்கும். குளிக்கும்போது அதனுடன் வரும் ஒட்டுத்தாளால் மூடிக்கொள்ளலாம். காற்றை வெளியேற்றப் பையில் ஊசியால் துளையிடுவது கூடாது. நாற்றமும் கசிவும் அத்துளை வழியே வந்துவிடும். வகுப்புக்குச் செல்லுமுன் கழிப்பறையில் பையைத் திறந்து காற்றை வெளியேற்றிவிடுவதே முறை.

காற்றுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் போன்ற மருந்துகளை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் வாய் அமைந்தவர்களுள் சிலர், தாதியிடம் பயின்று, குறித்த நேரத்தில் நீர் செலுத்திக் குடலைக் கழுவிக்கொள்கின்றனர். அவர்களுக்கு அடுத்த கழுவல் வரை ஒலியும் கழிவும் பெரிதும் குறைகின்றன. எல்லார்க்கும் இம்முறை ஏற்றதன்று. சிறுகுடல் வாய்க்குப் பொருந்தாது. அறுவை முடிந்த முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் குடல்வாய் வீங்கியிருப்பதால் ஒலி மிகுந்திருக்கும். வீக்கம் வடிந்தபின் தானே தணியக்கூடும். ஆகவே, முதல் மாதத்து அனுபவத்தை வைத்துப் பணியை விடுவதா என்று முடிவெடுப்பது அவசரமாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் சில ஒலிகள் எழத்தான் செய்யும். அங்கே பொறுப்பு சுற்றியிருப்போர் கைக்கு மாறுகிறது. மேலே சொன்ன ஆசிரியை, ஒருநாள் வகுப்பில் ஒலி எழுந்தபோது, “என் வயிறு பேசிவிட்டது, இனி நீங்கள் பேசலாம், யார் அடுத்த பத்தியை வாசிப்பது?” என்று கேட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். மாணவர் சிரித்தனர், வாசித்தனர். எல்லார்க்கும் இத்தகைய நகைச்சுவை கைவராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஒன்றுமே சொல்லாமல் பாடத்தை நடத்திச் செல்வதும் அதே அளவு நல்ல விடை.

குடல்வாய் உடையவர் மாணவராயின் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். பிறவிக் குறையால் குழந்தைப் பருவத்திலேயே குடல்வாய் பெற்றோர் உண்டு. வகுப்பாசிரியர் பெற்றோரிடமும் அப்பிள்ளையிடமும் தனியே பேசி, யார் யாருக்குத் தெரியலாம் என்று கேட்டறிய வேண்டும். பிள்ளை விரும்பாமல் வகுப்பில் அறிவிக்கலாகாது. மின்விசிறியின் அருகில், கதவுக்குப் பக்கமாக இருக்கை தந்தால் விசிறியின் இரைச்சலே பாதி ஒலியை விழுங்கும். கழிப்பறைக்கு எழுந்து செல்வதும் எளிதாகும். அனுமதி கேட்காமல் வெளியே செல்லும் உரிமையை முன்னதாகவே கொடுத்துவிடலாம். ஒலி எழுந்தபோது ஆசிரியர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் முப்பது தலைகளும் திரும்பும். அவர் நிறுத்தாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் அடுத்த நொடியே மறந்துவிடுவர். தேர்வு மண்டபத்தின் மேற்பார்வையாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அறியாத ஒருவர் அவ்வொலியைக் குறும்பென்று கருதிக் கடிந்தால், அப்பிள்ளை அன்று எழுத வேண்டியதை எழுதாது.

அறுவை நடந்த விடுதியில் இதே ஒலிக்காக மருத்துவரும் தாதியரும் காத்திருக்கின்றனர் என்பதையும் ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது. குடல் மீண்டும் இயங்கத் தொடங்கிற்று என்பதற்கு முதல் அறிகுறி, பையில் நிறையும் காற்று. எனவே பள்ளியில் நாம் அஞ்ச வேண்டியது ஒலியை அன்று, அதன் நீண்ட மறைவை. வழக்கமாகக் காற்றும் கழிவும் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு அவை சில மணி நேரம் முற்றாக நின்று, வயிறு உப்பி, விட்டுவிட்டு வலித்து, வாந்தியும் வருமானால் குடலில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். அப்போது வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்லாமல், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.