தகவல் தொடர்பியல்: முதன்மைப் பாடமா, துணைப் பாடமா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் இல்லங்களில் பொறியியல், மருத்துவம், வணிகவியல் ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நடக்கிறது. "தகவல் தொடர்பியல் படிக்கிறேன் வாப்பா" என்று பிள்ளை சொன்னால், "சினிமாவுக்குப் போகவா?" என்று கேட்டு வாயடைத்து விடுகிறோம். பெற்றோர்களே, சற்றுப் பொறுங்கள்!

இப்படிப்பு கேமராவோடு முடிந்துவிடுவதன்று. அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948ஆம் ஆண்டு இத்துறைக்கு ஐந்து கேள்விகளை வகுத்துத் தந்தார். சொல்பவர் யார், செய்தி எது, வரும் வழி எது, பெறுபவர் யார், அதனால் விளைவது என்ன என்பவையே அவை. உங்கள் கைப்பேசிக்கு வரும் ஒரு வதந்தியை இவற்றால் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் கேள்விக்கே விடை கிடைக்காது. செய்தியை இவ்வாறு எடைபோடும் பயிற்சியே இக்கல்வியின் உயிர்நாடி.

அப்படியானால் எவ்வாறு படிப்பது? ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வானொலி, விளம்பரம் போன்ற தொழில்களில் நாட்டமுள்ள பிள்ளை இதனை முதன்மைப் பாடமாகவே எடுக்கலாம். கருவிகளோடு பழக அதற்கு மூன்றாண்டுகள் தேவை. பொருளாதாரம், சட்டம், மருத்துவம் பற்றி எழுத விரும்பும் பிள்ளைக்கோ முதலில் அந்த அறிவு வேண்டும். விஷயம் தெரியாதவரின் எழுத்து நடை எத்துணை அழகாயினும் நிலைக்காது. அத்தகையோர் தாம் விரும்பும் துறையை முதன்மையாகக் கொண்டு, கல்லூரியில் வாய்ப்பிருந்தால் இதனைத் துணைப் பாடமாகப் பயிலட்டும். வாய்ப்பில்லையேல், பட்டம் பெற்றபின் முதுகலையில் இதனைத் தொடரலாம். இளங்கலையில் வேறு பாடம் படித்தவர்களுக்கும் இதன் முதுகலைக் கதவு திறந்தே இருக்கிறது.

டில்லியில் 1965இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனமும், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1982இல் தொடங்கிய மக்கள் தொடர்பு ஆய்வு மையமும் இத்துறையில் பெயர் பெற்றவை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித்துறை உண்டு. எங்கு சேர்வதாயினும் ஒளிப்பதிவுக் கூடம் உண்டா, மாணவர் இதழ் வெளிவருகிறதா, பத்திரிகை அலுவலகங்களில் பயிற்சி தரப்படுகிறதா என்று நேரில் சென்று விசாரியுங்கள். வேலையும் ஊதியமும் பட்டத்தால் மட்டும் வருவதில்லை. மொழித்திறனும் உழைப்பும் வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத் ஷா போன்ற பத்திரிகையாளர்களைத் தந்தது நம் தமிழ் முஸ்லிம் சமுதாயம். "பத்திரிகைகள் நம்மைப் பற்றிச் சரியாக எழுதுவதில்லை" என்று குறைபடும் நாம், எழுத விரும்பும் பிள்ளையைத் தடுப்பது முறைதானா? சிந்தியுங்கள்!