எடை குறைஞ்சிடுச்சு, தோல் குறையல

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த எபிசோடு இது. 2023 ஜனவரியில நான் ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டதைப் பத்தி ஏற்கெனவே பேசியிருக்கேன். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க, மீதி ஒரு வாழைப்பழம் சைஸ்ல இருக்கும். அப்போ என் எடை 128 கிலோ. ஒன்றரை வருஷத்துல 71. அந்தக் கதையை அங்கேயே முடிச்சுட்டேன், ஏன்னா கைத்தட்டல் வாங்குற இடம் அதுதான். அதுக்கு அப்புறம் நடந்ததை யாருகிட்டயும் சொல்லல.

எங்க ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணியில இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். கொஞ்சம் தள்ளிப் போனா ஆந்திரா, அதனால தெருவுல பாதிப் பேர் தெலுங்குல கூப்பிடுவாங்க, பாதிப் பேர் தமிழ்ல திட்டுவாங்க. ராத்திரி தறிச் சத்தம் நின்னா எனக்குத் தூக்கம் வராது. 2024 ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருத்தணி மலைக்கு 365 படி. பத்து வருஷமா நான் வண்டியில மட்டும்தான் மேல போயிருக்கேன். அந்த வருஷம் படியேறினேன். மூச்சு வாங்கவே இல்ல. கீழ இறங்கினப்போ பக்கத்து வீட்டு அத்தை "சன்னகா அய்ப்போயாவு"ன்னு கன்னத்தைக் கிள்ளினாங்க. ஒல்லியாயிட்டியேன்னு அர்த்தம்.

வீட்டுக்கு வந்து புடவையை அவுத்தா, அடிவயித்துல தொங்குற தோலுக்குக் கீழ முழுக்கப் புண்ணு. வேர்வையில ஊறி, உரசி, ரெண்டு இடத்துல ரத்தம். வாடையும் வந்துச்சு. அம்மா அன்னைக்குத்தான் முதல்முறையா பார்த்தாங்க. அதுவரைக்கும் நான் யாருக்கும் காட்டினது இல்ல. மடிப்புக்குள்ள காட்டன் துணியை மடிச்சு வெச்சுக்கிட்டுதான் ஆபீஸுக்கே போவேன். ஆறு மாசமா பூஞ்சைத் தொற்றுக்கு க்ரீம் போடுவேன், போகும், திரும்ப வரும்.

அப்பா கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தோட மையம். "காட்டன் துணி துவைச்சா சுருங்குதே, தோல் தானா சுருங்காதா?"

சின்ன வயசுல, அஞ்சு பத்து கிலோ குறைஞ்சா பெரும்பாலும் சுருங்கிடும். தோலுக்கு உறுதி தர்றது கொலாஜன், இழுத்து விட்டா பழைய இடத்துக்குத் திரும்ப வைக்கிறது எலாஸ்டின் நார். வருஷக்கணக்கா இழுபட்டு நின்ன தோல்ல இந்த நார்கள் அறுந்து, மெலிஞ்சு போயிருக்கும். பழைய பேன்ட்டோட இடுப்பு எலாஸ்டிக் மாதிரி. க்ரீம், மசாஜ், பெல்ட் எதுவும் அதைத் திருப்பிக் கொண்டு வராது. ஜிம்முக்குப் போனா கீழ இருக்கிற தசை வளரும், மேல இருக்கிற தோல் இறுகாது. நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா, இன்னும் பத்து கிலோ குறைச்சா அதுவும் போயிடும்னு. நானும் அப்படித்தான் ஒரு மாசம் பட்டினி கிடந்தேன். மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் வெறும் தோல்னா, குறைக்கக் குறைக்க இன்னும்தான் தொங்கும்.

இதை இப்போ பேசுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2025 மார்ச்சுல மவுன்ஜாரோ, ஜூன்ல வீகோவி, ரெண்டு ஊசியும் இந்தியாவுக்கு வந்தாச்சு. ஆபரேஷன் இல்லாமலே நிறைய எடை குறையப் போறவங்க இனிமே அதிகம். ஊசியில குறைஞ்சாலும் தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, சர்ஜன்கிட்ட போனேன். அங்க முதல்ல கத்துக்கிட்டது, ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஆபரேஷனுக்கு ரெண்டு பேர். பானிகுலெக்டமின்னா, முன்னாடி ஏப்ரன் மாதிரி தொங்குற தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுக்கிறது. நோக்கம், புண்ணும் தொற்றும் வராம இருக்கணும். அப்டாமினோபிளாஸ்டின்னா, அதோட சேர்த்து விலகிப் போன வயித்துத் தசையை இழுத்துத் தைச்சு, தொப்புளையும் புது இடத்துல வைக்கிறது. அதைத்தான் டம்மி டக்னு சொல்றாங்க. இடுப்பைச் சுத்தி முழு வட்டமா வெட்டுறது இன்னொண்ணு, லோயர் பாடி லிஃப்ட். கை, தொடை, மார்பு எல்லாம் தனித்தனி. ஒரே நாள்ல எல்லாத்தையும் பண்ண மாட்டாங்க, மாசக்கணக்குல இடைவெளி விட்டுப் பண்ணுவாங்க. எனக்குத் தேவைப்பட்டது முதலாவது. தொங்குற வயித்தை வெட்டி எடுக்கிற ஆபரேஷனை அமெரிக்காவுல ஹோவர்ட் கெல்லி பதிவு பண்ணது 1899ல. புதுசா ஒண்ணும் இல்ல.

பெரியம்மா "உள்ள பிளாஸ்டிக் வெப்பாங்களாடி?"ன்னு கேட்டாங்க. இல்ல. வடிவம் கொடுக்கிறதுன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல் அது. நெகிழிக்கு அந்தப் பேர் வர்றதுக்கு முன்னாடியே சிகிச்சைக்கு வந்துடுச்சு.

அம்மாவுக்கு வேற பயம். 2024 ஏப்ரல்ல, சென்னை பம்மல்ல ஒரு தனியார் மருத்துவமனையில எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோன செய்தியை அவங்க டிவியில பார்த்திருந்தாங்க. "உசுரோட இருக்கே, நடக்கிறே, அது போதாதா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பயம் நியாயமானதுதான். பெரிய தையல், நீண்ட நேர மயக்க மருந்து. கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போற ஆபத்து இந்த ஆபரேஷன்ல இருக்கு. அம்மாவைச் சமாதானப்படுத்த நான் செஞ்சது, கேள்விகளை எழுதிக்கிட்டுப் போனது மட்டும்தான். சர்ஜன் பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடிச்சவரா? மயக்க மருந்து கொடுக்கப் போறது யாரு? அதே கட்டடத்துல ஐ.சி.யு. இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் கசிஞ்சா யாரு வருவாங்க? போர்டுல 'காஸ்மெட்டிக் சர்ஜன்'னு எழுதியிருக்கிறது மட்டும் படிப்பு ஆகாது. ஒரு இடத்துல இந்தக் கேள்விகளுக்குச் சிரிச்சாங்க. நான் வேற இடம் பார்த்தேன்.

அங்கேயும் உடனே தேதி கிடைக்கல. எடை குறைஞ்சபின் ஆறு மாசமாவது ஒரே இடத்துல நிக்கணும்னாங்க. என் ஹீமோகுளோபின் 9.1தான் இருந்துச்சு. ஸ்லீவ் பண்ணவங்களுக்கு இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, புரதம் எல்லாமே குறையும், ஏன்னா சாப்பாடே கொஞ்சம்தான். ரத்தமும் புரதமும் இல்லாத உடம்புல தையல் பிரிஞ்சுடும். நரம்பு வழியா இரும்புச்சத்து ஏத்தினாங்க. சிகரெட் பிடிக்கிறவங்களா இருந்தா குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லன்னா தோலுக்கு ரத்த ஓட்டம் கெட்டு விளிம்பு கருகிப் போயிடும். 2025 பிப்ரவரியில ஆபரேஷன். வெட்டி எடுத்தது மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல.

ஊருல எல்லார்கிட்டயும் ஹெர்னியான்னு சொல்லிட்டோம்.

ரெக்கவரியைப் பத்தி இன்ஸ்டாவுல பார்த்தா, பத்தாவது நாள் கவுன் போட்டுச் சுத்துறாங்க. என்னோடது இப்படி. அன்னைக்குச் சாயங்காலமே நடக்க வெச்சாங்க, ரத்தம் உறையாம இருக்க. நிமிர முடியாது, கூன் போட்டுத்தான் நடக்கணும். தூங்கும்போதும் முட்டிக்குக் கீழ ரெண்டு தலகாணி. வயித்துல ரெண்டு பக்கமும் ட்ரெயின் குழாய், அதுல சேர்ற தண்ணியைத் தினமும் அளந்து நோட்டுல எழுதணும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ வந்தாதான் எடுப்பாங்க. எனக்கு ஒரு பக்கம் அஞ்சாவது நாள், இன்னொரு பக்கம் பன்னெண்டாவது நாள்.

ஊருக்குக் கார்ல போனோம், நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. ஒவ்வொரு மணி நேரமும் இறங்கி நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. வீட்டுல போய் இறங்கினதும்தான் ஞாபகம் வந்துச்சு, எங்க வீட்டுல இருக்கிறது இந்தியன் டாய்லெட். குத்த வெச்சு உக்கார முடியாது. இவ்ளோ கேள்வி கேட்டவ இதை யோசிக்கல. அப்பா திருத்தணி போய் கமோட் நாற்காலி வாடகைக்கு எடுத்துட்டு வந்தார்.

அடுத்த சண்டை பத்தியம். அறுத்த உடம்புன்னு அம்மா கஞ்சியும் ரசமும் மட்டும்தான் கொடுத்தாங்க. முட்டை, மீன், பருப்பு எல்லாம் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும்னு தெருவுல நாலு பேர் சொல்லியிருந்தாங்க. காயம் ஆற உடம்பு கேக்கிறது அந்தப் புரதத்தைத்தான். ஒரு தடவைக்கு ரெண்டு முட்டைக்கு மேல என் இரைப்பையில இடமும் இல்ல. சர்ஜனை வீடியோ கால்ல அம்மாகிட்ட பேச வெச்சதுக்கு அப்புறம்தான் முட்டை வந்துச்சு. கிருத்திகை அன்னைக்கு மட்டும் கிடையாது. அன்னைக்குப் பனீர்.

மூணாவது வாரம் தையலோட நடுவுல ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பிரிஞ்சுடுச்சு. இழுவிசை அதிகமா இருக்கிற இடம் அது, நிறைய எடை குறைச்சவங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்த ராத்திரி எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னாடி நின்னு, அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோன்னு அழுதேன். பக்கத்துத் தெருவுல ஒரு நர்ஸ் அக்கா தினமும் வந்து டிரெஸ்ஸிங் பண்ணாங்க. முதல் நாளே "இது ஹெர்னியா தையல் இல்லையே"ன்னாங்க. யாருகிட்டயும் சொல்லல. நாலு வாரத்துல ஆறிடுச்சு. காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குறது, மூச்சுத் திணறல், திடீர்னு வயிறு ஒரு பக்கம் உப்புறது, இதுல ஏதாவது ஒண்ணு வந்தா மட்டும் வீடியோ கால் வேணாம், நேரா ஆஸ்பத்திரின்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. எதுவும் வரல.

ஆறு வாரம் இறுக்கமான கம்ப்ரெஷன் உடுப்பு. ஆறு வாரம் குடம் தூக்கக்கூடாது, டூ வீலர் கூடாது. தழும்பு வெளுத்து அடங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம நிறத்துக்குத் தடிச்சுப் போற வாய்ப்பும் அதிகம், அதனால இன்னும் சிலிக்கான் ஷீட் ஒட்டிக்கிட்டு இருக்கேன். தழும்புக்குக் கீழ ஒரு கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கு.

இப்போ பணம். ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். அதுல ஒன்னே கால் லட்சம் அப்பாவோட சீட்டுப் பணம்.

ஸ்லீவ் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கொடுத்துச்சு. 2019ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா ஹெல்த் பாலிசிக்கும் விலக்குகளோட வாசகத்தை ஒரே மாதிரி ஆக்கினாங்க. அதுல 06ன்னு நம்பர் போட்டது உடல் பருமன் சிகிச்சைக்கு. பி.எம்.ஐ. 40 அல்லது அதுக்கு மேல, இல்லன்னா 35 அல்லது அதுக்கு மேல இருந்து கூடவே கடுமையான இதய நோய், தூக்கத்துல மூச்சுத் தடை, கட்டுக்கு அடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தா, டாக்டர் பரிந்துரையோட செலவை ஏத்துக்கலாம். என்னோடது 50. பிரச்சினையே இல்ல. 08ன்னு ஒண்ணு இருக்கு, காஸ்மெட்டிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. தோற்றத்தை மாத்துற சிகிச்சைக்குக் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்புன்னா உண்டு. அதுக்கு அடுத்த வரியை நிறைய பேர் படிக்கிறதே இல்ல: நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவைன்னு சிகிச்சை பண்ற டாக்டர் சான்று கொடுத்தா, அப்பவும் உண்டு.

என் கம்பெனி ஒரே வரியில 'காஸ்மெட்டிக்'னு மறுத்துடுச்சு. அப்போ என்கிட்ட இருந்தது சர்ஜனோட லெட்டர் மட்டும்தான். ஆறு மாசத் தொற்றுக்கு மெடிக்கல்ல நானே வாங்கிப் போட்ட க்ரீமுக்குப் பில் இல்ல, பதிவும் இல்ல. வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட காட்டாம இருந்ததுக்கு விலை அது. இதே நிலைமையில இருக்கீங்கன்னா, இன்னைக்கே ஒரு தோல் டாக்டர்கிட்ட போய் ஃபைல் ஆரம்பிங்க, ஒவ்வொரு தடவை புண்ணு வரும்போதும் தேதியோட போட்டோ எடுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க.

'அழகுக்கா, ஆரோக்கியத்துக்கா'ன்னு இங்க ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கு. 2018 பிப்ரவரியில, விஜயபாஸ்கர் சுகாதார அமைச்சரா இருந்தப்போ, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில மார்பகத்தைப் பெரிசாக்குற, சிறிசாக்குற, புற்றுநோய்க்குப் பின் சீரமைக்கிற ஆபரேஷன்களை இலவசமா பண்ற கிளினிக் தொடங்கினாங்க. டெங்குவுக்கும் காசநோய்க்கும் போக வேண்டிய காசு இதுக்கான்னு கேள்வி வந்துச்சு. நானும் அப்போ ஆபீஸ்ல உக்கார்ந்து கிண்டல் பண்ணவதான். பாரத்துல தோளும் முதுகும் வலிக்கிற ஒரு பொண்ணுக்கு அது அழகு சிகிச்சையே இல்லன்னு அன்னைக்கு எனக்குத் தோணல. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைன்னு மூணுலயும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு. தீக்காயமும் விபத்தும்தான் அங்க முதல்ல, காத்திருக்க வேண்டி வரும். ஆனா கேட்டுப் பார்க்கக் காசு ஆகாது. சீட்டுப் பணத்தை எடுக்க விடுறதுக்கு முன்னாடி நான் அங்க ஒரு ஓ.பி. சீட்டாவது போட்டிருக்கணும்.

கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன், அங்கேயும் மறுப்பு. அப்படி மறுத்தா, இல்ல ஒரு மாசம் பதிலே வரலன்னா, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம். சென்னையில ஆபீஸ் இருக்கு. நர்ஸ் அக்காவோட டிரெஸ்ஸிங் நோட்டைக்கூட இணைச்சு அனுப்பியிருக்கேன்.

கைத் தோலுக்கு அடுத்த கட்டம் எப்பன்னு சர்ஜன் கேட்டாங்க. வேணாம்னுட்டேன். அது புண்ணாகிறது இல்ல, முழுக்கை போட்டா தெரியறதும் இல்ல. அம்மா மட்டும் ஒரு நாள், "அதையும் பண்ணிக்கிறதுன்னா சொல்லு, இந்தத் தடவை ஹெர்னியான்னு பொய் சொல்ல வேணாம்"னாங்க.

விசாரணைக்கு இன்னும் தேதி வரல. வந்ததும் சொல்றேன்.